அணைந்த அடுப்பு

"இதை எதுக்குடி வாங்கிட்டு வந்த? பாம்பைப் பிடிச்சு வீட்டுக்குள்ள விட்ட மாதிரி!"

சமையல் மேடையில் இருந்த சின்ன வோட்கா பாட்டிலைப் பார்த்ததும் நாத்தனாருக்கு முகம் வெளிறிப்போனது.

"பாஸ்தாவுக்கு அண்ணி. தக்காளி சாஸ்ல கொஞ்சம் ஊத்தினா வாசனையைத் தூக்கிக் குடுக்கும்," என்றாள் தம்பி மனைவி, பூண்டை நசுக்கிக்கொண்டே.

"அவன் இதைத் தொட்டு எட்டு மாசம் ஆச்சு. மறுவாழ்வு மையத்துல சேர்க்க நான் எத்தனை பேர் கால்ல விழுந்தேன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாமலா? வரும்போதெல்லாம் சொல்லிக்காட்டுகிறவள்தானே. ஆனால் பாவம், சொல்வதில் பொய் இல்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மையத்து வாசலிலேயே பழியாய்க் கிடந்து தம்பியை மீட்டவள். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பது அவன் ஒருவன்தான்.

"பயப்படாதீங்க. கொதியில போதையெல்லாம் ஆவியாப் போயிடும். ருசி மட்டும்தான் நிக்கும்."

"நிஜமாவா?"

"பக்கத்துலயே நின்னு பாருங்களேன்."

நின்றாள். விட்டால் சட்டிக்குள்ளேயே தலையை விட்டிருப்பாள். பூண்டு சிவந்தது, தக்காளி சுண்டி எண்ணெய் பிரிந்தது. க்ரீம் சேர்ந்ததும் சாஸ் இளஞ்சிவப்புக்கு மாறியது.

குளியலறையில் தம்பி பாடிக்கொண்டிருந்தான்.

"கேட்டியா? அப்பல்லாம் பாடுவானா? இப்ப கை நடுங்காம ஷேவ் பண்றான். ஆபீஸ் விட்டா நேரா வீடு. கீழ் வீட்டுக்காரம்மா மூக்குல விரல் வைக்கிறாங்க. நீ குடுத்து வச்சவடி!"

"ஆமா அண்ணி."

தம்பி மனைவி அடுப்பை அணைத்தாள். வெந்த பாஸ்தாவை வடித்துச் சாஸில் கொட்டிக் கிளறினாள். அதற்கப்புறம்தான் பாட்டிலைத் திறந்தாள்.

"ஏய், இப்பவா ஊத்துறது? கொதிக்கும்போதுன்னுதானே சொன்ன?"

பாதி பாட்டில் உள்ளே போய்விட்டது.

"அடுப்பே அணைஞ்சிடுச்சுடி! போதை எப்படிப் போகும்?"

"போகாது அண்ணி."

நாத்தனாருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் பாட்டிலைப் பிடுங்கப் பாய்ந்தாள். அதற்குள் தம்பி மனைவி மிச்சத்தையும் கவிழ்த்து, ஆவி போகாமல் தட்டைப் போட்டு மூடிவிட்டாள்.

"அடிப்பாவி! நாக்குல பட்டாலே போதுமே, மறுபடியும் ஆரம்பிச்சிடுவானே! அவன் மனுஷனானது உனக்குப் பொறுக்கலையா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வயிறு எரிந்து அழுத அழுகை அது.

குளியலறையில் பாட்டு நின்றது. தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டதும் தம்பி மனைவிக்கு உடம்பு ஒடுங்கியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"குடிச்சிட்டு அடிச்சப்ப பாதி அடி சுவத்துல விழும் அண்ணி. இப்ப ஒண்ணுகூடத் தப்புறதில்ல."