போர்பா வீட்டுக்கு ஓர் இடம்

இன்னும் சரியாக ஒரு மணி நேரம் இருந்தது. நான்கு மணிக்கு அல்மிரோ போர்பா சமையலறையின் வாசல் கதவைத் தாழிட்டார். மகன் டேலியோவின் ஃபோனைப் பிடுங்கித் தரையில் எறிந்து, சாணி ஒட்டிய பூட்ஸால் நொறுங்கும்வரை மிதித்தார்.

"இப்ப எப்படிடா பதில் போடுவே?"

அவர் கையில் பால் கறக்கும் இயந்திரத்தின் ரப்பர் குழாய் இருந்தது. அதைப் பார்த்ததுமே மனைவி இடலினா பக்கத்துக் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓடட்டும். இது அப்பனுக்கும் மகனுக்கும் உள்ள விவகாரம்.

அரை மணி நேரத்துக்கு முன்புதான், 'போர்பா' என்று மட்டும் பெயர் போட்டுத் தபால்பெட்டியில் கிடந்த கடிதத்தைப் பால் லாரிக்காரன் பிரித்துப் படித்துச் சொன்னான். அசோர்ஸ் தீவிலிருந்து கலிஃபோர்னியா வந்து முப்பது வருடமாகியும் அல்மிரோவுக்குத் தன் குடும்பப் பெயரைத் தவிர ஆங்கிலத்தில் எதுவும் படிக்க வராது.

'அன்புள்ள மாணவருக்கு' என்று தொடங்கியது கடிதம். சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடக் கலைப் பட்டம் முடித்துவிட்டதால், யூனிவர்சிட்டியில் நேராக மூன்றாம் ஆண்டில் இடம். காரில் போனால் நான்கு மணி நேரம். இன்று மாலை ஐந்துக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"குடுத்து வச்ச ஆளுய்யா நீ!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான் லாரிக்காரன்.

முதல் அடி டேலியோவின் தோளில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில்.

"மூத்தவன் இப்படித்தான் போனான். வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு வருது. முந்நூறு மாடுடா! ரெண்டு வேளைக் கறவை. நான் ஒத்தை ஆளாக் கிடந்து சாகவா?"

"நான் போறேன்னு சொன்னேனாப்பா?"

"நீ சொல்லலை. கடுதாசி சொல்லுது!"

குழாய் மறுபடி இறங்கியது. சட்டை முதுகில் கிழிந்தது.

"ராத்திரி வகுப்புதானேன்னு விட்டேன். உங்கம்மாவும் அங்கேயேதானே துடைப்பம் பிடிக்கிறா, ஒரே வண்டில போய்ட்டு வரட்டும்னு விட்டேன். அப்படி என்னதான்டா ரெண்டு வருஷமாப் படிச்சே?"

"கலை."

"என்ன கலை?"

டேலியோ கொஞ்சம் யோசித்தான். "எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

"மாட்டுத் தீவனம் மாதிரியா?" அதற்கும் ஓர் அடி விழுந்தது.

நாலரை மணிக்கு அவன் திடீரென்று வாசல் கதவை நோக்கிப் பாய்ந்தான். அல்மிரோ காலரைப் பிடித்து இழுத்து, அவன் முகத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் மோதினார். மூக்கு உடைந்தது. வெள்ளைக் கதவில் ரத்தம் கோடாக வழிந்தது.

குளியலறையிலிருந்து இடலினாவின் அலறல் கேட்டது.

"வெளிய வராதேம்மா!" டேலியோ கத்தினான். "கதவைத் திறக்காதே!"

அவன் எழுந்து மறுபடியும் வாசலுக்கே போனான். பக்கத்துப் பண்ணைக்கு ஓடி அங்கே ஃபோன் கேட்கப் போகிறான் என்பதில் அல்மிரோவுக்குச் சந்தேகமே இல்லை. நாற்காலியைத் தூக்கி அவன் முதுகில் இறக்கினார். கால் ஒன்று முறிந்தது, நாற்காலியின் கால்தான்.

"திருப்பி அடிடா! என்னைவிட ஒரு தலை உசரம் இருக்கே, கை இல்லையா உனக்கு?"

டேலியோ அடிக்கவில்லை. முகத்தை மறைக்கக் கையை மட்டும் உயர்த்தினான். அவன் விரல்களின் நுனியில், கறவை வேலையில் ஆகாத விதமாக, தோல் வெளுத்து உரிந்திருந்தது. அந்த விரல்கள் மேலேயே குழாய் விழுந்தது. சுண்டுவிரல் ஒடிந்த சத்தம் அல்மிரோவுக்கே கேட்டது.

அதற்குப் பிறகும் அவன் வாசலை நோக்கி ஊர்ந்தான். அல்மிரோ அவன் விலாவில் உதைத்தார். இன்னொரு முறை உதைத்தார். அவருக்கே மூச்சு வாங்கியது.

தொழுவத்தில் மாடுகள் மடி கனத்துக் கத்த ஆரம்பித்தன. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து. அல்மிரோ குழாயைத் தொட்டியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது. போச்சு உன் இடம். மூஞ்சியைக் கழுவிட்டுக் கறவைக்கு வா."

"வரேம்பா" என்றான் டேலியோ. கிழிந்த உதட்டோடு அவன் சிரித்தான்.

"எதுக்குடா இளிக்கிறே?"

குளியலறைத் தாழ்ப்பாள் விலகியது. இடலினா வெளியே வந்தாள். அழுதழுது கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் அவளுடைய ஃபோன் இருந்தது. அவள் கணவனைப் பார்க்காமல் மகனிடம் போய் மண்டியிட்டு, அவன் மூக்கில் தன் துண்டை அழுத்தினாள்.

"அவசரத்துல மூணு தடவை பாஸ்வேர்டு தப்பாப் போச்சுடா ராஜா. அஞ்சுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்போதான் அனுப்ப முடிஞ்சுது. சம்மதம் வந்து சேர்ந்துச்சுன்னு பதிலும் வந்துடுச்சு."

அல்மிரோ எழுந்தார். "நீயா போட்டே? நீயா? தினம் ராத்திரி அந்தக் காலேஜை நீ பெருக்கித் துடைப்பே, துரை உக்காந்து படிப்பாரு. இப்ப அவன் ஊரைவிட்டு ஓடறதுக்கும் நீதான் வழி பண்ணணுமா?"

இடலினா முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெருக்கித் துடைச்சது அவன். படிச்சது நான்."