கோடில்லாத அந்தி

கும்பகோணத்து வானில் அந்தி சிவக்கும் வேளையில், சிங்கப்பூரிலிருந்து மும்பைக்கு விரையும் விமானமொன்று திருநீற்றுக் கீற்றென ஒரு வெண்கோடு இழுத்துச் செல்லும். அதை ஓட்டுபவள் தாயுமானவனின் மனைவி குழல்மொழி. "அதோ, அம்மா போறா பாரு" என்று காட்டித்தான் அவன் மகள் மங்கைக்குச் சோறூட்டுவான்.

அந்தியில் விழும் அக்கோடுகள் இரவில் விரிந்து போர்வையாகி மண்ணின் வெம்மையைச் சிறைப்பிடிக்கின்றன என்று, அவற்றைத் தடைசெய்யும் சட்டம் ஒருநாள் நடைமுறைக்கு வந்தது. செய்தியில் கேட்டிருந்தும் மகளிடம் சொல்ல அவன் மறந்துவிட்டான். அன்று அந்தியில் வானம் துடைத்த பளிங்காய்க் கிடந்தது.

"அம்மா எங்கேயோ விழுந்துட்டாப்பா" என்று விம்மிய குழந்தை, அவன் எத்தனை கெஞ்சியும் வாய் திறக்கவில்லை.

விமானம் இறங்கியதும் குழல்மொழி அழைத்தாள்.

"உங்க சட்டம் என் பொண்ணைப் பட்டினி போட்டுடுச்சு, குழலு!"

"உங்க பொண்ணு மட்டுந்தானா? போனை அவகிட்ட குடுங்க" என்றவள், மகளிடம் குரலைத் தணித்தாள். "கண்ணு, கோடு விழக்கூடாதுன்னா அம்மா கீழே இறங்கிப் பறக்கணும்டா. இன்னிக்கு நாலாயிரம் அடி இறங்கி உன் பக்கமா வந்தேன், தெரியுமா?"

மறுநாள் அந்தியில் மங்கை வெறும் வானை நெடுநேரம் உற்று நோக்கினாள். குங்குமப் பொட்டளவு விளக்கொன்று மினுங்கி நகர்ந்தது. வாய் நிறையப் பருப்புச் சோற்றுடன், அப்பாவின் தோளில் அமர்ந்து அவள் கூவினாள்:

"அம்மா, சாப்பிட்டுட்டேன்! இன்னும் கொஞ்சம் கீழே வா!"