சாவி இரண்டு, அருகில்

வண்டி தூங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

பானெட் திறந்திருந்தது. பேட்டரியில் கரண்ட் அளக்கும் மீட்டர் மாட்டியிருந்தது. எதிரே ஸ்டூலில் அவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒர்க்‌ஷாப்பில் வேறு மெக்கானிக் யாரும் இல்லை. இந்தச் சோதனைக்கு ஆள் நடமாட்டம் ஆகாது. ஷட்டரைப் பாதி இறக்கியதில் அவிநாசி ரோட்டுச் சத்தமும் பாதியாகியிருந்தது.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தினமும் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது என்று கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

ஸ்கேனரை மாட்டியதும் திரை நிறையக் கோளாறுக் குறியீடுகள். பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், விளக்கு என்று ஆளாளுக்கு ஒரு புகார். அவள் அசரவில்லை. கரண்ட் குறைந்தால் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் இப்படித்தான் ஒப்பாரி வைக்கும். அத்தனையையும் அழித்தாள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

ஆக, வண்டியில் பழுது இல்லை. ராத்திரியில் எதுவோ அதை எழுப்புகிறது.

பூட்டி வைத்தால் இந்த வண்டிகள் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும். சாவி பக்கத்தில் வந்தால் விழித்துக்கொள்ளும். அதனால் சாவியை வாங்கி, தான் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியில் போட்டு மூடியிருந்தாள். எவர்சில்வரைத் தாண்டி சிக்னல் வராது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியின் சாவி, இனி ஒரு வாரத்துக்குப் புளிக்குழம்பு வாசம் அடிக்கும்.

"இன்னொரு சாவி இருக்குமில்லீங்களா சார்?" என்று அப்போது கேட்டாள்.

"அது சுகிர்தாகிட்ட," என்றார் வண்டிக்காரர் நவநீதன். போய், கஸ்டமர்கள் உட்காரும் ஏசி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. சுகிர்தா அவருடைய மனைவி. தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டைவிட்டுப் போனவர், இன்றுவரை தகவல் இல்லை. 'காணவில்லை' நோட்டீஸை ஒர்க்‌ஷாப் வாசல் தூணில் நவநீதனே வந்து ஒட்டினார். ஒட்டும்போது அழுதார். அவளும் அழுதாள்.

வண்டி சர்வீசுக்கு வந்தால் சுகிர்தா அக்கா ஏசி அறையில் உட்கார மாட்டார். இவள் வேலை செய்கிற இடத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார். ஆள் குள்ளம். சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டி இருந்தால்தான் கால் எட்டும். அக்காவின் அந்த இரண்டாவது சாவி கிட்டே வந்தால் சீட் தானாக முன்னால் நகரும்படி செட் பண்ணிக் கொடுத்தது இவள்தான். "எங்கூட்டுக்காரரு தெரியாம ஏறுனா முட்டி பேந்துரும்," என்று அக்கா அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

மீட்டரில் எண் இறங்கியது.

இன்னும் இறங்கியது.

வண்டி தூங்கிவிட்டது. அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

எண் ஏறியது.

கதவோடு கதவாகப் பதிந்து கிடந்த கைப்பிடி வெளியே நீண்டது. ஓட்டுகிறவர் பக்கம் மட்டும். உள்ளே விளக்கு எரிந்தது.

தூக்குப்போசியைத் தொட்டுப் பார்த்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

ஸ்கேனரைப் பார்த்தாள். எழுப்பியது எது என்று காட்டும் இடத்தில் ஒரே வரி.

சாவி இரண்டு. அருகில்.

சீட் நகரத் தொடங்கியது. முன்னால், முன்னால், ஸ்டியரிங்கோடு ஒட்டி நின்றது.

அவளுக்கு முதுகு சில்லிட்டது. அடுத்த நொடியே சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. சாவி தானாக நடந்து வராது. அக்கா உயிரோடுதான் இருக்கிறார். தினமும் ராத்திரி வீட்டு கேட் வரைக்கும் வந்து, என்ன கோபமோ, உள்ளே வராமல் திரும்பிப் போயிருக்கிறார். அதில்தான் பேட்டரி செத்திருக்கிறது. இன்றைக்கு இங்கேயே வந்துவிட்டார்.

குனிந்து ஷட்டருக்கு அடியில் பார்த்தாள். வெயில் தெரிந்தது. கால்கள் தெரியவில்லை.

ஓரமாக நிற்பார். கண்ணாடி அறைக்கு ஓடினாள்.

"சார், அந்த ரெண்டாவது சாவி பக்கத்துலயே இருக்குதுங்க. அக்கா வந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க சார்!"

நவநீதன் எழுந்தார்.

வாசலுக்கு ஓடுவார் என்று அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

அவர் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடி வழியாக அந்தச் சீட்டைப் பார்த்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. பின்பக்கமாக நகர்ந்து சுவரில் முதுகு முட்டி நின்றார்.

"ஷட்டரை இறக்கும்மா."

"சார்?"

"முழுசா இறக்கு. பூட்டு."

அவள் அவரையே பார்த்தாள். தூணில் நோட்டீஸ் ஒட்டும்போது அழுத அதே முகம். அந்த அழுகையை நம்பித் தானும் அழுதது நினைவுக்கு வந்தது. அக்கா வரவே முடியாது என்று இவருக்கு முன்பே தெரியும்.

ஷட்டர் வரைக்கும் நடந்தாள். பயம்தான். ஆனால் வெளியே இருப்பது யாராக இருந்தாலும் அதற்கு அவள் பயப்படவில்லை. முதுகுக்குப் பின்னால் இருப்பவரை நினைத்துத்தான் பயந்தாள்.

குனிந்து பிடியைப் பிடித்தாள்.

முழுதாக மேலே தூக்கிவிட்டாள்.

வெயில் வண்டி வரைக்கும் வந்து விழுந்தது. வாசலில் யாரும் இல்லை.

அவள் மறுபடியும் ஒதுங்கி வழிவிட்டாள்.

"வாங்கக்கா," என்றாள்.