நடுவர் மேசைக்கு வந்த சாம்பல் பூனை

உதவிப்பெண் அந்தச் சாம்பல் நிறப் பூனையைத் தன் உடம்பில் படாமல், கைகளை நீட்டித் தூக்கி வந்தாள்.

"பாத்து மேடம். காலையிலேர்ந்து யாரையும் அண்ட விடல. ரெண்டு பேரைப் பிறாண்டிருச்சு."

மேசையை நடுவர் துடைத்தாள். கைகளையும் கிருமிநாசினி போட்டுத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடிக் கூரையிலிருந்து இறங்கிய வெளிச்சத்தில் பூனை முடிகள் மிதந்தன. இத்தனை கூண்டுகள் இருந்தும், பூனைப் போட்டி அரங்கம் குளத்தின் அடியில் கிடப்பதுபோல் சத்தமில்லாமல் இருந்தது.

மேசைக்கு வரும் பூனையின் எண் மட்டும்தான் நடுவருக்குத் தெரியும். பெயரோ வளர்ப்பவர் யார் என்றோ சொல்லக் கூடாது. பூனை வளர்ப்போர் சம்மேளனத்தின் விதி அது. எதிரே உட்கார்ந்திருக்கும் பூனைச் சொந்தக்காரர்களை ஏறெடுத்தும் பார்க்காதவள் என்று அவளுக்குப் பெயர்.

"வாடி என் கண்ணு. எப்படி இருக்கேன்னு பாப்போம்." எல்லாப் பூனைகளிடமும் சொல்வதுதான்.

சீறிக்கொண்டிருந்த பூனை அடங்கியது. காதுகள் நிமிர்ந்தன.

தலையின் வட்டத்தில் குறையில்லை. வாலின் நுனிவரை விரலை ஓட்டினாள். எலும்பில் கோணல் இல்லை. கண்களைப் பார்க்க வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இப்படியொரு செம்பு நிறத்தை அவள் எங்கும் பார்த்ததில்லை. பட்டம் இதற்குத்தான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது.

அப்போது பூனை முன்னங்கால்களை அவள் கழுத்தில் போட்டுக்கொண்டது.

கன்னத்தை உரசியது. தாடைக்கு அடியில் தலையைச் செருகிக்கொண்டு, உடம்பே அதிரும்படி குர்ர்ர் என்றது.

அவள் எந்தப் போட்டியிலும் செய்யாததைச் செய்தாள். நாற்காலிகளின் பக்கம் பார்த்தாள்.

கடைசி வரிசையில் அத்தான், அக்காவின் கணவர். மடியில் காலிக் கூடை. அவர் பூனையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், தாள முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா ஒரு பூனை வளர்க்கிறாள் என்று கேள்விப்பட்டதோடு சரி. வருகிறேன், வருகிறேன் என்று இவள் நாளைக் கடத்தியதில் அக்கா கண்ணை மூடிவிட்டாள்.

"இதுக்கு நான் மார்க் போடக் கூடாது," என்றாள். "வேற நடுவரைக் கூப்பிடுங்க."

"தெரிஞ்ச பூனையா மேடம்?"

"நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

உதவிப்பெண் கை நீட்டினாள். பூனை பிடியை விடவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

அது தன்னை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளும் அக்காவும் இரட்டைப் பிள்ளைகள். முகமும் ஒரே அச்சு, குரலும் ஒரே அச்சு. பெற்றவளே மாற்றிக் கூப்பிட்டிருக்கிறாள்.

பூனையின் காதருகே குனிந்து, மெதுவாகச் சொன்னாள்.

"வந்துட்டேன்டி."