ஒரே சட்டை

கூட்டுறவு வங்கியின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்காக, கல்குவாரி ஆட்கள் உறுப்பினராகச் சேர்ந்தபோது கொடுத்த படங்களைப் பழைய விண்ணப்பங்களிலிருந்து உரித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். உரித்தவர்கள் பெயரை எழுதிவைக்க மறந்துவிட்டார்கள். நாற்பது பேரும் ஒரே கட்டம்போட்ட சட்டையில் இருந்தார்கள். ஸ்டுடியோக்காரன் எல்லோருக்கும் மாட்டிவிட அது ஒன்றைத்தான் வைத்திருந்தான்.

வெள்ளத்தாய் மகள் முப்பிடாதியோடு வந்திருந்தாள். மகள் வயிற்றில் இருக்கும்போதே புருஷன் மாசானம் பாறை வெடியில் செத்துப்போனான். வீட்டில் அவன் படம் ஒன்றுகூடக் கிடையாது.

“எதும்மா அப்பா?” என்றாள் ஐம்பது வயது மகள்.

“பொறுடீ. அந்த மனுசன் சட்டை போட்டு நான் பாத்ததே இல்ல.”

“முதுகைக் காட்டி நின்னிருந்தா சொல்லிருவீயளோ ஆச்சி?” என்று சிரித்தார் கிளார்க்.

“சொல்லிருவேன்.”

எல்லா வரிசையையும் இரண்டு தடவை பார்த்தாள். பிறகு ஒரு படத்தில் விரலை வைத்தாள்.

“இவுகதான்.”

கிளார்க் அதன் அடியில் மாசானம் என்று எழுதினார். முப்பிடாதி படத்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாகக் கேட்டாள்.

“நல்லாத் தெரிஞ்சுதாம்மா?”

“ஒனக்கு ஒரு மொகம் வேணும்லா,” என்றாள் வெள்ளத்தாய்.