மூன்றாவது சிலிண்டர்

துளையைப் பெரிதாக்கும் இயந்திரத்தின் அடியில் எஞ்சின் பிளாக் இறுகப் பூட்டப்பட்டிருக்கிறது. நான்கு சிலிண்டர்களும் வாயைப் பிளந்து நிற்கின்றன. ஜன்னல் வெயில் மூன்றாவதன் உள்சுவரில் மட்டும் விழுகிறது. பட்டறைக்காரி சுவரின் கனத்தை அங்கே மறுபடியும் அளக்கிறாள். நான்கு மில்லிமீட்டர்தான், மற்ற மூன்றிலும் ஐந்து இருக்கிறது. பந்தயத்தில் இந்த வண்டியை ஓட்டப்போகிற கொழுந்தன் அவள் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே நிற்கிறான். “நூறு சி.சி. கூடினா போதும் அண்ணி. மிதிச்ச உடனே டர்போ எழுந்துக்கும். இப்போ வளைவுல மிதிச்சுட்டு ஒரு கொட்டாவி விடலாம்.” அவள் திரும்பவில்லை. “நூறு கூட்டினா சுவர்ல இன்னும் ஒரு மில்லி போயிடும். மீதி மூணு மில்லியை வச்சுக்கிட்டு டர்போ அழுத்தத்தை எப்படித் தாங்கும்? வளைவுல விரிசல் விட்டு எஞ்சின் இறுகிட்டா வண்டி உங்க பேச்சைக் கேக்காது.” “போன வருஷமும் இப்படித்தான் பயமுறுத்துனீங்க.” சாவிகள் கலகலக்கின்றன. ஓட்டுபவனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வளைவுகளைப் படித்துச் சொல்லும் அவள் கணவன், மூலையில் ஸ்டூலில் இருக்கிறான். யார் பக்கம் பேசினாலும் வம்பு என்று குறிப்பேட்டிலேயே கண்ணை வைத்திருக்கிறான். பென்சில் மட்டும் ஓடவில்லை. அவள் துணியில் கையைத் துடைத்துவிட்டுப் பச்சைப் பொத்தானில் விரலை வைக்கிறாள். “சரி தம்பி, நீங்க கேட்ட மாதிரியே போட்டுடறேன். ஆனா பக்கத்து சீட்ல நான்தான் உட்காருவேன். உங்க அண்ணன் வீட்ல இருக்கட்டும்.” சாவிச் சத்தம் நின்றுபோகிறது.