பளிச் படம்

"தலைவரே, அந்தம்மா மறுபடியும் ஊதி அணைச்சிட்டாங்க" என்று செயலாளர் வந்து காதைக் கடித்தாள்.

மாணவர் சங்கத் தலைவன் எட்டிப் பார்த்தான். வன்முறைக்குப் பலியான திருநங்கைகளுக்குக் கல்லூரி வாசலில் அஞ்சலி. வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் மெழுகுவத்தி. கடைசிப் படத்துக்கு மட்டும் வெளிச்சம் இல்லை. பக்கத்தில் கைப்பையோடு வயதான ஓர் அம்மாள்.

அவனுக்குக் கோபம் வந்தது. ஒளிப்பானேன், கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. 'அவர்களை அவர்களாகவே மதிப்போம்' என்று தொண்டை கிழியப் பேசிவிட்டு இப்போதுதான் இறங்கியிருந்தான். கைதட்டல் சுமார்தான். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் கூட்டம் சூடுபிடிக்குமே என்று ஓர் அல்ப ஆசை.

"கேமராவோட வா" என்றான் செயலாளரிடம்.

அதுவும் அந்தப் படத்தின் மேல் அவனுக்குத் தனிப் பிரியம். இறந்துபோன அந்தப் பெண்ணுக்கு இரண்டு படங்கள் கிடைத்திருந்தன. ஒன்று செல்போனில் எடுத்தது, மங்கல். இன்னொன்று அடையாள அட்டைக்கு எடுத்தது, பளிச். "பெரிசாக்கினா இதுதான் எடுபடும்" என்று அவனேதான் பொறுக்கினான். பெரிய கலைக்கண்.

"ஏம்மா, செத்தவங்களுக்கு மரியாதை செய்யறோம். பிடிக்கலைன்னா ஒதுங்கி நில்லுங்க. ஊதி அணைக்கிறது நல்லாவா இருக்கு?" மைக் இல்லாமலே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குத் திருப்தி.

அம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க பேசினது நல்லா இருந்துச்சு தம்பி. அவங்களை அவங்களாவே மதிக்கணும்னு சொன்னீங்க. அதைக் கேட்டுத்தான் எனக்கு ஊதவே தைரியம் வந்துச்சு."

"என்னம்மா சொல்றீங்க?"

"இந்த மீசை வச்ச முகத்தைக் கண்ணாடியில பார்க்க முடியாம அழுதவ என் பொண்ணு. செத்தப்புறமும் இதுலயேதான் இருக்கணுமா?"

பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். நீளமுடி, காதில் தோடு, வாய்கொள்ளாத சிரிப்பு. அவன் கழித்துக்கட்டிய அதே மங்கல் படம்.

ஊரைத் திருத்தக் கிளம்பியவன், பளிச் படத்தைத் தானே கழற்றினான். அம்மாள் மகளை அங்கே வைத்து, மெழுகுவத்தியை ஏற்றினார்.

"தலைவரே, அம்மா பக்கத்துல நில்லுங்க, எடுத்துடறேன்" என்றாள் செயலாளர்.

"நான் வேண்டாம். அந்தப் பொண்ணை எடு" என்றான். "மங்கலா வந்தாலும் அவதான்."